பெரம்பலூருக்குக் கொம்பு முளைத்த கதை

போன புதன்கிழமை காலை, பெரம்பலூர் முத்துசாமி ஐயாவின் வெங்காய மண்டி ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர். மண்டி முதலாளி முத்துசாமி ஐயா. அவர் பெண் கொடுத்த வீட்டுச் சம்பந்தி ராமலிங்கம் — அரியலூர்க்காரர், சிமெண்ட் லாரிகள் வைத்திருப்பவர், வாயும் கிட்டத்தட்ட அதே சைஸ். மூன்றாவது நான்.

இல்லாதவன், ரஃபீக்.

இருந்திருக்க வேண்டியவனே அவன்தான். எங்கள் கம்பெனியில் மொத்தம் ரெண்டு பேர். நான் ஒரு எம்.டி., அவன் ஒரு எம்.டி. தொழிலாளி என்று யாரும் கிடையாது. அதனால் ஸ்ட்ரைக்கும் கிடையாது. துறையூர் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடி. ரெண்டு கம்ப்யூட்டர். ஒரு ஃபேன். சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் ஏசி வாசனை வருமாமே... எங்களுடையதில் யூரியா வாசனை வரும்.

ரஃபீக் லெப்பைக்குடிக்காட்டுப் பையன். அவன் அத்தா இருபது வருஷமாக கல்ஃபில் இருக்கிறார். அந்த ஊரில் ஒரு பையன் படித்து முடித்துவிட்டு உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்கள் உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று விசாரிப்பார்கள். அத்தா விசா அனுப்பிவிட்டார். புதன்கிழமை திருச்சியில் மெடிக்கல் டெஸ்ட். அது முடிந்தால் அடுத்த மாதம் ஃப்ளைட்.

போவதற்கு முந்தின நாள் ரஃபீக் என்னிடம் சொன்னது இதுதான்:

"மாப்ள, மண்டி வெப்சைட்ட முத்துசாமி ஐயா ஓகே பண்ணிட்டார்னா, சங்கத்துல மத்த மண்டிக்காரங்களும் நம்மகிட்டதான் வருவாங்க. அப்ப அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். வேணாம்னுட்டார்னா... நீ மட்டும் எம்.டி.யா இருந்துக்க."

விஷயம் புரிகிறதா? வெப்சைட் பிடித்தால் பார்ட்னர் இருப்பான். பிடிக்காவிட்டால் ஷார்ஜா போவான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வெங்காய மண்டியில் வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அதை ஏறக்குறைய நான் ஒருவனே கெடுத்தேன். எதை வைத்து? ஒரு நரியை வைத்து.

நரி யார் என்று உங்களுக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் இதே பத்தியில் அதன் புகழை நான் மூச்சு விடாமல் பாடியிருந்தேன். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், அதனால் படத்தை வைத்தே அடையாளம் சொல்கிறேன். இன்டர்நெட் பார்க்க இன்றைக்கு ரெண்டு பிரவுசர்கள் பிரபலம். ஒன்று, கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வருகிற நீல நிற எழுத்து. எங்கள் பக்கம் அதற்கு 'ஈ' என்றே பேர் நிலைத்துவிட்டது. இன்னொன்று, உலக உருண்டையைச் சுற்றி வாலை வளைத்துப் படுத்திருக்கும் நரி. அதை நாமாகத் தேடிப் போய் இறக்கிக்கொள்ள வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு நரிதான் வசதி. ஒரே ஜன்னலில் பத்துப் பக்கம் திறக்கலாம். எழுதிய நிரலில் எந்த வரியில் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். ஈயோ, தப்பு இருந்தால் 'ஏதோ தப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் போகட்டும். நரியின் பெரிய கவர்ச்சி ஆட்-ஆன்கள்தான். வேண்டியதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், காசு கிடையாது!

காசு கிடையாது என்றால் நம்மால் சும்மா இருக்க முடியுமா?

மாட்டினேன். விளம்பரத்தை மறைக்க ஒன்று. தமிழில் தட்டச்ச ஒன்று. ஒரு பக்கத்தில் எது எத்தனை புள்ளி அகலம் என்று அளக்க ஒரு ஸ்கேல். மற்றவர்களின் வெப்சைட்டைப் பிரித்துக் குடலைப் பார்க்க ஒன்று. கீழ் ஓரத்தில் வெப்பநிலை காட்ட ஒன்று — அது திருச்சி வெயிலைக் காட்டும். பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு வெயில் அடிக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொண்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். மெனு பட்டைகளை எல்லாம் இடம் மாற்றினேன். பொத்தான்களைச் சின்னதாக்கினேன். கறுப்பு வண்ணச் சட்டை போட்டேன். கடைசியில் என் நரியை என்னைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது என்ற நிலை வந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்!

ரஃபீக் இதற்கு நேர் எதிர். ஓடுகிற எதையும் தொடமாட்டான். அவன் மெஷினில் இன்னமும் ஈதான். வால்பேப்பர்கூட, வாங்கும்போது இருந்த அதே பச்சைப் புல்மேடு. "என்னடா, கல்யாணத்துக்குப் போற மாதிரி பிரவுசருக்கு அலங்காரம் பண்ணிட்டிருக்க" என்பான்.

நான் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்கவும் இல்லை. எங்கள் பரம்பரையில் மழைக்கு அல்லாமல் படிப்புக்காகவே பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. இப்படி முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஒரு புது விஷயம் தெரிந்துவிட்டால் அதைப் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்க முடியாது. டாக்டரிடம் போனால் அவருக்கே ரெண்டு நல்ல விஷயம் சொல்லிவிட்டு வருவோம்.

ஆகவே அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம், மண்டியில் யாரும் கேட்காமலேயே, முத்துசாமி ஐயாவின் கம்ப்யூட்டரில் நரியை ஏற்றினேன். அதோடு, அவர் பழைய வழிக்குத் திரும்பிவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்... டெஸ்க்டாப்பில் இருந்த ஈயை அடித்துவிட்டேன்.

புதன்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் முத்துசாமி ஐயா சொன்ன முதல் வார்த்தை:

"வா தம்பி. இன்டர்நெட் காணாமப் போயிட்டுச்சு."

"இருக்குங்களே ஐயா?"

"எங்க இருக்கு? நீல கலர்ல இருக்குமே. ஒரு வாரமா இல்ல. டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டு, பில்லு கட்டியாச்சு, ஏன்யா இன்டர்நெட்டப் புடுங்குனீங்கன்னு கேட்டுட்டேன்."

அவர்களுடைய பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்கள் தெரியாமல் இருப்பது நல்லது. நரியின் ஐகானைக் காட்டினேன். "இதுதாங்க இப்ப இன்டர்நெட்."

"இது நாயி மாதிரில்ல இருக்கு?"

"நரிங்க."

சம்பந்தி ராமலிங்கம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நரி மொகத்துல முழிச்சா நல்லதும்பாங்க சம்பந்தி. தொறங்க, தொறங்க."

திறந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வெப்சைட்டுக்கு முத்துசாமி ஐயா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வண்ணம், படம், எதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை. பேப்பரில் வருகிற மாதிரி எழுத்தின் ரெண்டு ஓரமும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். "ரெண்டு பக்கமும் வரப்பு கட்டுன மாதிரி இருக்கணும் தம்பி. வலது பக்கம் மாடு மேஞ்ச மாதிரி இருக்கக்கூடாது." இதைச் செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். ஜஸ்டிஃபை என்று பெயர். போட்டிருந்தோம். என் மெஷினில் அழகாக இருந்தது. ரஃபீக்கின் மெஷினிலும் அழகாக இருந்தது.

மண்டி கம்ப்யூட்டரில், வரப்பு என்னவோ நேராகத்தான் இருந்தது. உள்ளே பயிர்தான் சாய்ந்து கிடந்தது.

முத்துசாமி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ப... ரெ... ம்... பரெம்பலூர்?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"பரெம்பலூரா? அது எந்த ஊரு?"

பார்த்தேன். நிஜம்தான். 'பெ' என்று நாம் கையால் எழுதும்போது முதலில் கொம்பைப் போடுவோம், அப்புறம் 'ப'. கம்ப்யூட்டருக்குள்ளே கதை தலைகீழ். 'ப' முதலில் இருக்கும், கொம்பு பின்னால் இருக்கும். திரையில் காட்டும்போதுதான் இடம் மாற்றிக் காட்ட வேண்டும். ஓரத்தை நேராக்கு என்று சொன்னால் நரிக்கு அந்த இடமாற்றம் மறந்துபோகிறது. எழுத்துகளைப் பிய்த்து வரிசையாக அடுக்கிவிடுகிறது. கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் விழுந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தது அப்பாவி 'ர'. அதன் தலையில் ஒட்டிக்கொண்டது. பெரம்பலூர், பரெம்பலூர் ஆனது. வெங்காயம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். வாயில் நுழையாது.

இதற்குள் சம்பந்தி ராமலிங்கம் அடுத்த வரிக்குப் போய்விட்டார். சரக்கு அனுப்பும் ஊர்களின் பெயர்கள் அங்கே இருந்தன.

"அரியலூர்! அட, எங்க ஊரு ஜம்முனு உக்காந்திருக்கே சம்பந்தி! ஒரு புள்ளி குறையல பாருங்க. மீன்சுருட்டி... அதுவும் நல்லாருக்கு. உங்க ஊருதான் பாவம், லாரில அடிபட்ட மாதிரி கெடக்கு."

முத்துசாமி ஐயா அரியலூரைப் பார்த்தார். பெரம்பலூரைப் பார்த்தார். மறுபடி அரியலூரைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி... நீ எந்த ஊரு?"

இந்தக் கேள்விக்கு வேறு எந்த நாளாக இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லியிருப்பேன்.

"அரியலூர் பக்கம்ங்க."

"அதானே பாத்தேன்!"

வெளியூர் வாசகர்களுக்கு: அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது திரும்பவும் பிரிக்கச் சொல்லிக் குரல் கேட்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ரெண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்குள் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். இந்த ரெண்டு பேரும் சம்பந்திகள் வேறு. கேட்கவே வேண்டாம்.

"நாங்க மாவட்டத்தப் பிரிங்க, பிரிங்கன்னு கத்திக்கிட்டிருக்கோம்" என்றார் ராமலிங்கம் குலுங்கிக்கொண்டே. "கம்ப்யூட்டரு உங்க ஊரையே பிரிச்சுடுச்சே சம்பந்தி!"

"ஐயா, நான் வேணும்னு செய்யலீங்க" என்றேன். "இது கொம்பு பிரச்சினை. பெரம்பலூர்ல கொம்பு இருக்கு, அரியலூர்ல இல்ல. அதான் அது தப்பிச்சுடுச்சு."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"கேட்டுக்குங்க!" ராமலிங்கம் தொடையில் தட்டினார். "எங்களுக்குக் கொம்பு கெடையாதாம். உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் மொளைச்சிருக்காம். இத நாங்க எத்தனை வருஷமா சொல்றோம்!"

முத்துசாமி ஐயாவின் காது சிவந்துவிட்டது. நான் அவசரமாக ஆதாரம் தேடினேன். நல்லவேளையாகக் கிடைத்தது. "ஐயா, இங்க பாருங்க, ஜெயங்கொண்டம்! எங்க பக்கத்து ஊருதான். அதுவும் ஒடைஞ்சிருக்கு பாருங்க. ஜயெங்... படிக்கவே முடியல. நான் வேணும்னு செஞ்சிருந்தா எங்க ஊர ஒடைப்பேனா?"

"ஜெயங்கொண்டத்துக்காரன் வந்து உன்கிட்ட சண்டை போட்டுக்கட்டும். எனக்கு எங்க ஊருக்குப் பதில் சொல்லு."

"சரி பண்ணிடறேங்க."

"ஒண்ணு, ரெண்டு ஊரும் சரியா வரணும். இல்ல, ரெண்டையும் ஒடை."

"அரியலூர ஒடைக்க முடியாதுங்க. அதுல கொம்பே இல்ல."

"இல்லைன்னா ஒண்ணு வையி!"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துசாமி ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுவிட்டார். ஒரு மண்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். சம்பந்திக்கு முன்னால் ஊர் மானம் போயிருக்கிறது. இனிமேல் இந்த வெப்சைட்டில் அந்த ஓரத்தைத் தங்கத்தில் இழைத்துக் கொடுத்தாலும் நடக்காது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது உரக்கடை மாடிதான். ஒரு ஃபேன். ரெண்டு நாற்காலி. ஒன்று காலி.

"அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா" என்று வராந்தாவுக்கு வந்து ரஃபீக்குக்குப் போன் அடித்தேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசியதால் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தால்தான்.

"மாப்ள, பெரம்பலூர் ஒடைஞ்சுடுச்சு."

"என்னது? கலவரமா?"

சொன்னேன். பின்னணியில் ஒரே இரைச்சல். ஆஸ்பத்திரி வரிசை போலிருக்கிறது.

"அங்க எது ஓடுது? ஈயா, நரியா?"

"நரி."

"அந்த மெஷின்ல நரி ஏது?"

"போட்டேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"சரி, ஈயத் தொறந்து காட்டு."

"ஐகான அடிச்சுட்டேன்டா."

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"டேய். அந்தாளு வெங்காயம் விக்கிறாரு. அவருக்கு எதுக்குடா நரி?"

நான் வெங்காய மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"சரி விடு. உன் மெஷின்லயும் நரிதானே? அதுல நல்லாத்தானே தெரிஞ்சுச்சு?"

"அழகா தெரிஞ்சுச்சுடா. அதான் எனக்கும் புரியல."

"அப்ப உன் நரிமேல வேற என்னத்தடா மாட்டி வச்சிருக்க?"

ஞாபகம் வந்துவிட்டது. நாலைந்து மாதத்துக்கு முன், தமிழ் வலைப்பதிவுகள் படிக்க ஆரம்பித்த புதிதில், பலருடைய பக்கங்கள் இப்படித்தான் உடைந்து தெரிந்தன. எல்லாரும் ஓரத்தை நேராக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போய்ச் சொல்ல முடியுமா? அதனால் ஒரு குட்டி நிரல் எழுதி என் நரியின் கழுத்தில் கட்டினேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உடைந்த தமிழை அது ஓசைப்படாமல் ஒட்ட வைத்துவிடும். பிரமாதமாக வேலை செய்தது. அவ்வளவு பிரமாதமாக வேலை செய்ததால், அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

அதாவது, ஊரில் உள்ள எல்லார் கண்ணுக்கும் தெரிகிற தப்பு, எனக்கு மட்டும் தெரியாதபடி நானே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ரஃபீக்கின் ஈயில் அந்தத் தப்பு வரவே வராது. என் அலங்கார நரியில் வந்தாலும் தெரியாது. அலங்காரமில்லாத வெறும் நரியில் மட்டும்தான் தெரியும். அந்த வெறும் நரியைக் கொண்டுபோய் எங்கே வைத்தேன்? வாடிக்கையாளர் மேஜையில்.

இதற்கெல்லாம் எம்.சி.ஏ. படிக்க வேண்டும். சும்மா வராது.

"ஒளராத, சிஸ்டத்துல போய் உக்காரு" என்றான் ரஃபீக். அந்தக் குட்டி நிரல் கதையை நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. "ஜஸ்டிஃபைய எடுத்துடு. இடது பக்கம்னு போடு. ஈ வந்தா மட்டும் ஜஸ்டிஃபை பண்ற மாதிரி தனியா ஒரு துண்டு எழுதுவோம். நான் சொல்லச் சொல்ல அடி."

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு அடித்தேன். அவன் மனப்பாடமாகச் சொன்னான். ஒவ்வொரு குறியாகச் சொன்னான். நடுவில் அந்தப் பக்கம் யாரோ உரத்த குரலில் எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, ரெண்டு தடவை. "அரைப்புள்ளி போட்டியா? போட்டியான்னு கேட்டேன்" என்றான் ரஃபீக். போட்டேன். இங்கே இந்தப் பக்கம் ராமலிங்கம் வேறு, "தம்பி, பெரம்பலூருக்கு ஆபரேஷன் முடிஞ்சுடுச்சா? உசுரு இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஏற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன்.

பெரம்பலூர்.

கொம்பு தன் இடத்தில். 'ப' தன் இடத்தில். 'ர' தலையில் சுமையில்லாமல் நிம்மதியாக.

முத்துசாமி ஐயா கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அப்போது எனக்கு வந்த மூச்சு, அதற்கு முந்தின பத்து நிமிஷத்துக்கான மூச்சு. படித்தார். தலையாட்டினார். பிறகு வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க மாடு மேஞ்சிருக்கே."

"ஒரு நிமிஷங்க." குப்பைத் தொட்டிக்குள் போய், நானே அடித்துப் போட்ட ஈயை நானே பொறுக்கி எடுத்து, டெஸ்க்டாப்பில் பழைய இடத்தில் வைத்தேன். மதம் மாற்ற வந்தவன் தானே மணி அடித்துப் பூஜை செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஈயில் திறந்தேன். எழுத்தும் சரி, ரெண்டு பக்க வரப்பும் சரி.

"அட, இன்டர்நெட் வந்துட்டுச்சு!" என்றார் முத்துசாமி ஐயா சந்தோஷமாக. "இதையே வச்சுக்குவோம். நரிய நீயே ஓட்டிக்கிட்டுப் போயிடு."

"சரிங்க."

"அந்த நரி வச்சிருக்கவன் எவனாச்சும் பாத்தா?"

"எழுத்தெல்லாம் சரியா தெரியுங்க. ஓரம் மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கும்."

"அரியலூர்ல யாராச்சும் நரி வச்சிருக்காங்களா?"

"எங்க வூட்ல பையன் வச்சிருக்கான்" என்றார் ராமலிங்கம் பெருமையாக.

முத்துசாமி ஐயாவின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு முழுச் சிரிப்பு வந்தது. "அரியலூர்ல கோணலா தெரிஞ்சா பரவால்ல தம்பி. திங்கக்கிழமை சங்கத்துல பேசறேன். மத்த கடைக்காரங்களுக்கும் நீங்களே போட்டுக் குடுத்துருங்க."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நம் எல்லாருக்கும் இப்படி ஒரு நரி இருக்கிறதுதானே? பிடிக்காததை மறைத்து, உடைந்ததை ஒட்டி, வெயிலைக்கூட வேறு ஊரிலிருந்து வரவழைத்து... நமக்குத் தோதாக ஒரு ஜன்னலைச் செய்து மாட்டிவிட்டு, வெளியே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வோம். எதிரே இருப்பவர், "ஐயா, உடைந்திருக்கிறதே" என்றால் அவர் கண்ணைச் சந்தேகப்படுவோம். அல்லது அவர் எந்த ஊர் என்று கேட்போம்.

தத்துவம் போதும். ஆபீசுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். நரியில் ரெண்டு ஆட்களாக நுழைய வழி உண்டு. ஒருவருடைய அலங்காரம் இன்னொருவருக்கு வராது. புதிதாக ஒரு ஆளை உருவாக்கினேன். ஆட்-ஆன் கிடையாது, நிரல் கிடையாது, கறுப்புச் சட்டை கிடையாது. அந்த ஆளுக்கு 'முத்துசாமி' என்று பெயர் வைத்தேன். இனிமேல் எந்தப் பக்கம் செய்தாலும் முதலில் முத்துசாமியிடம் காட்டுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றாவிட்டால்தான் என் நரிக்கு. புரோகிராம் எழுதுகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் ஒரு முத்துசாமியை வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேன் என்று நரிக்கு மாறிய வாசகர்கள், பயப்படாதீர்கள், நரி நல்ல நரிதான். வீட்டில் ஈ இருந்தால் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

சாயங்காலம் ரஃபீக் திருச்சி பஸ்ஸில் வந்து இறங்கினான். பெரம்பலூர் பாலக்கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் ராமலிங்கம் குரலிலேயே நடித்துக் காட்டினேன். டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தான்.

"உன் டெஸ்ட் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எடுக்கல மாப்ள. டோக்கன் போயிட்டுச்சு. மறுபடி பணங்கட்டி மொதல்லேருந்து வரணுமாம்."

அந்தப் பக்கம் எண் சொல்லிக் கூப்பிட்ட குரல் எனக்கு ஞாபகம் வந்தது.

"அய்யய்யோ, என்னாலதானா? அவங்க கூப்ட்டது உனக்குக் கேக்கலையா?"

ரஃபீக் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"கேட்டுச்சு" என்றான்.

அத்தாவிடம் என்ன சொல்வது என்று ரெண்டு பேரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகு அவன் எழுந்து, "டெஸ்ட் காசக் கம்பெனிச் செலவுல எழுதிக்க, ஆளுக்குப் பாதி" என்றான்.

திருப்பித் தரமாட்டார்களாம். ரெண்டாயிரத்து இருநூறு ரூபாய்.